விழுந்த பிறகு மறுபடி வண்டி எடுப்பது: கடைக்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எஃப்.ஐ.ஆர். நகல், ஆர்.சி., டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே ரிப்போர்ட் என்று தினமும் நாலைந்து விபத்துக் காகிதமாவது என் மெஷினில் ஏறி இறங்கும். மூன்று வருடம் முன்பு என்னுடைய காகிதமும் ஏறியது. புதுச்சேரி ரோட்டில் ரெட்டிச்சாவடி தாண்டி, விடிகாலையில், நாய் ஒன்று குறுக்கே வந்தது. பைக்கோடு சாய்ந்தேன். இடது மணிக்கட்டும் இடது காலர் போனும் போச்சு. ஐந்து மாதம் வண்டியைத் தொடவில்லை.

இது தெரிந்தவர்கள் காகிதத்தை நீட்டிவிட்டு, காசு கொடுக்கிற சமயம் மெதுவாக ஆரம்பிப்பார்கள். "அண்ணே, நீங்க எப்போ திரும்ப வண்டி எடுத்தீங்க?" அப்படிக் கேட்டவர்களின் சந்தேகங்களை அவர்கள் வாய்மொழியிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. எது டாக்டரிடம் கேட்க வேண்டியது, எது வக்கீலிடம் கேட்க வேண்டியது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எலும்பு முறிஞ்சா எத்தனை நாள்ல வண்டி ஓட்டலாம்? ஒரு கணக்கு சொல்லுங்க.

ஒரே கணக்கு கிடையாது. மணிக்கட்டு என்றால் பொதுவாக ஆறு வாரம் மாவுக்கட்டு. காலர் போன் கூடுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு உடைந்து ராடு வைத்திருந்தால் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். சர்க்கரை இருப்பவர்களுக்கும் சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இன்னும் இழுக்கும். இதெல்லாம் எலும்பு கூடும் கணக்குதான். வண்டி ஓட்டும் கணக்கு அதற்குப் பிறகு தொடங்குகிறது.

டாக்டரிடம் "நான் நார்மல் ஆயிட்டேனா?" என்று கேட்டால் "ஆயிட்டீங்க" என்பார். அவர் நடப்பதையும் சாப்பிடுவதையும் நினைத்துச் சொல்கிறார். "130, 140 கிலோ வண்டி ஒரு பக்கம் சாஞ்சா இந்தக் காலால தாங்கலாமா? திடீர்னு பிரேக் அடிச்சா உடம்பு வெயிட் முழுக்க இந்த மணிக்கட்டுல வரும், அது சரியா?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோதுதான் என் டாக்டர் எக்ஸ்ரேயை மறுபடி விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு வாரம் போகட்டும்" என்றார்.

கட்டு பிரிச்சாச்சு, வலியும் இல்ல. இன்னும் எதுக்கு வெயிட் பண்ணணும்?

கட்டுக்குள் இருந்த கை இளைத்திருக்கும். வலி இல்லை என்பதால் பலம் வந்துவிட்டது என்று ஆகாது. வீட்டு வாசலில், இன்ஜின் போடாமல், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்காருங்கள். கிளட்சை முழுக்கப் பிடித்து விடுங்கள், ஐம்பது தடவை. வலது கையில் அடி என்றால் முன் பிரேக்கை அதே மாதிரி. கால் என்றால் பின் பிரேக்கை ஓங்கி மிதித்துப் பாருங்கள். தோளுக்கு மேலே கழுத்தைத் திருப்பிப் பின்னால் பாருங்கள், இரண்டு பக்கமும். காலர் போன் உடைந்தவர்கள் இந்தக் கழுத்துத் திருப்பலில்தான் மாட்டுவார்கள். கண்ணாடி போதும் என்று சமாளிப்பார்கள், போதாது.

எனக்குப் பன்னிரண்டாவது கிளட்சிலேயே விரல் நழுவியது. பிசியோதெரபியில் ஸ்பாஞ்சு பந்து கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். அதைவிட உருப்படியாக வேலை செய்தது சப்பாத்தி மாவு. இரண்டு மாதம் வீட்டில் மாவு பிசைவது என் பொறுப்பு ஆனது. இன்றைக்கும் அது என்னை விட்டுப் போகவில்லை, அது வேறு கதை.

தலையில அடி பட்டுச்சு. ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க. ஓட்டலாம்ல?

ஸ்கேன் நார்மல் என்றால் உள்ளே ரத்தக்கசிவு இல்லை, மண்டை ஓடு உடையவில்லை என்று அர்த்தம். மூளை குலுங்கியதன் விளைவு ஸ்கேனில் தெரியாமலே இருக்கலாம். தலைவலி, லேசான கிறுகிறுப்பு, வெளிச்சம் கண்ணைக் கூசுவது, பேச்சு நடுவே வார்த்தை கிடைக்காமல் நிற்பது, இதில் ஏதாவது ஒன்று இருக்கும்வரை வண்டி வேண்டாம். முழுக்க நின்ற பிறகு டாக்டரைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

அடிபட்ட பிறகு ஒரு தடவையாவது வலிப்போ திடீர் மயக்கமோ வந்திருந்தால் கதையே வேறு. லைசென்ஸ் விண்ணப்பத்தில் உடல்தகுதி உறுதிமொழி கொடுக்கும்போது, வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்று தனியாகக் கேட்கிறார்கள். அதை மறைத்து ஓட்டினால் சட்டச் சிக்கல் பிறகு வரும், முதலில் வருவது உயிர்ச் சிக்கல். நரம்பியல் டாக்டர் எழுத்தில் கொடுக்கும்வரை சாவி வீட்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும்.

வலி மாத்திரை சாப்பிடறேன். அது பிரச்சினையா?

சில வலி மாத்திரையும் நரம்பு வலிக்குக் கொடுக்கும் மாத்திரையும் தூக்கத்தைக் கொண்டுவரும். டிரமடால், பிரிகாபாலின், கபாபென்டின் என்று சீட்டில் இருந்தால் கேட்காமல் ஓட்டாதீர்கள். இரவு போட்ட மாத்திரை காலை எட்டு மணிக்கும் உள்ளே இருக்கலாம்.

எங்க வீட்ல புத்தூர் கட்டு போட்டாங்க. அதுக்கும் இதே கணக்குதானா?

எங்கே கட்டினீர்கள் என்பதில் நான் தலையிடவில்லை, எங்கள் தாத்தாவும் அதில் எழுந்து நடந்தவர்தான். ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு நேராகக் கூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோணலாகக் கூடிய மணிக்கட்டு அன்றாட வேலையில் தெரியாது. ஹேண்டில்பாரை ஒரு மணி நேரம் பிடித்தால் தெரியும்.

ஹெல்மெட்ல லேசா கீறல்தான். அதையே போட்டுக்கலாமா? மூவாயிரம் ரூபாய் ஹெல்மெட்.

வேண்டாம். ஹெல்மெட்டின் வேலையைச் செய்வது வெளி ஓடு மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான அடுக்கு. அடி விழும்போது அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். நசுங்கியது திரும்ப உப்பாது. வெளியே கீறலாகத் தெரிவது உள்ளே அந்த இடம் தீர்ந்துபோனது என்பதாக இருக்கலாம், பிரித்துப் பார்த்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு விபத்தில் தலையோடு சேர்ந்து அடிபட்ட ஹெல்மெட் வேலையை முடித்துவிட்டது.

புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கவே கூடாது. ஆனாலும் ரோட்டோரத்தில் குவித்து வைத்து விற்கிறார்கள். தாடைப் பட்டையை மாட்டிவிட்டு, பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது ரோட்டிலும் கழன்றுவிடும்.

வண்டி சர்வீஸ்ல இருந்து வந்தாச்சு. ஆனா ஏதோ ஒரு பக்கம் இழுக்கற மாதிரியே இருக்கு. என் பிரமையா?

பிரமை என்று மெக்கானிக் சொல்வார். நம்பாதீர்கள், அளக்கச் சொல்லுங்கள். என் வண்டிக்கும் இதே கதை. புது ஹெட்லைட், புது இண்டிகேட்டர், பளபளவென்று வந்தது. ஓட்டினால் ஹேண்டில்பாரை ஒரு நூல் வலதுபக்கம் பிடித்தால்தான் நேராகப் போகும். அப்புறம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கொத்தனார் பிடிக்கிற நூலை எடுத்தார். பின் டயரைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் இழுத்து முன் டயர் வரைக்கும் கொண்டுவந்தார். முன் டயர் ஒல்லி, அதனால் நூலுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். எனக்கு இடதுபக்கம் ஒரு விரல் நுழைந்தது, வலதுபக்கம் இரண்டு விரல். "பயம் இல்ல தம்பி, ஃபோர்க் பெண்டு," என்றார். முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய் வளைந்திருந்தது. அவ்வளவு நாளும் என் மனசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பார்க்க வேண்டியவை: ஃபோர்க், கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்), வீல் பெண்டு, பின் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை), சேஸிஸில் வெல்டிங் பக்கம் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்பது. ஃபோர்க்கை லேத்தில் பெண்டு எடுப்பதைவிடப் புதிது போடுவது நல்லது. சேஸிஸே திருகியிருந்தால் செலவு செய்யும் முன் இன்ஷூரன்ஸைக் கேளுங்கள். சொந்த சேதத்துக்கும் சேர்த்த பாலிசி இருந்து, சரிசெய்யும் செலவு பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாகவே முடித்துவிடுவார்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் வண்டிக்கு ஒரு பைசா வராது.

தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் வீடு என்றால் இன்னொன்று. கடல்காற்றில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பிரேக் டிஸ்க், கேபிள், செயின் எல்லாம் துருப்பிடித்திருக்கும். விபத்தில் சேதமாகாததும் நின்று கெட்டிருக்கும்.

அந்த வண்டி ராசி இல்லைன்னு அம்மா சொல்றாங்க. வித்துடலாமா?

அம்மா பயப்படுகிறார், அதை "ராசி" என்கிறார். என் அம்மா ஐந்து மாதமும் வண்டியைப் பழைய புடவை போட்டு மூடி வைத்திருந்தார், கண்ணில் படக்கூடாது என்று. எடுத்த அன்றைக்குத் திருவந்திபுரம் கோயிலுக்குப் போய் வந்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் சுற்றிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். எனக்கு அதில் நம்பிக்கை பாதிதான். அவருக்கு அதன்பிறகு தூக்கம் வந்தது, அது போதும்.

விற்பதானால் வேறு காரணத்துக்கு விற்கலாம். வண்டி உங்களுக்கு உயரம், கால் முழுக்கத் தரையில் ஊன்றவில்லை, அல்லது முந்தைய பதிலில் சொன்ன நூல் சோதனையில் தேறவில்லை, அப்படி.

வண்டில உக்காந்தாலே கை நடுங்குது. இது போகுமா?

போகும். ஆனால் தைரியமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டால் போகாது. சின்னச் சின்ன அளவாகச் செய்தால் போகும். நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் வண்டியைத் துடைப்பது மட்டும். இரண்டாவது வாரம் இன்ஜினைப் போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்திருப்பது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு மைத்துனன் ஓட்டிக்கொண்டு வந்தான், நான் பின்னால். நடைப்பயிற்சி ஆட்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள், ஒரு மூலையில் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஏறினேன். கிளட்ச் விட்டேன், ஆஃப். மறுபடி, ஆஃப். நாலு தடவை. இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவன். பந்து பொறுக்க வந்த பையன் ஒருத்தன் நின்று, "அண்ணா, சோக் போடுங்கண்ணா," என்றான். இன்றைய வண்டியில் சோக் ஏது! சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில் தோள் இறங்கியது, கிளட்சும் ஒழுங்காக வந்தது. அன்றைக்கு ஓட்டியது மைதானத்தின் ஓரமாக இரண்டு சுற்று. வீட்டுக்குத் திரும்பும்போதும் மைத்துனன்தான் ஓட்டினான்.

நடுங்கும்போது நாம் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்போம். இறுக்கினால் வண்டி ஆடும், ஆடினால் பயம் ஏறும், இன்னும் இறுக்குவோம். முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு, முழங்கையை லேசாக மடக்கி வைத்தால் கை தானாகத் தளரும். இன்னொன்று, எதைப் பார்க்கிறீர்களோ அங்கேதான் வண்டி போகும். குழியைப் பார்த்தால் குழிக்குள். குழிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல தரையைப் பாருங்கள்.

கெட்ட கனவு வருது, அந்தச் சத்தம் காதுலயே இருக்கு. அதுக்கும் பழகணுமா?

இது முந்தைய கேள்வியின் நடுக்கம் இல்லை, தனி. முதல் சில வாரம் நிறையப் பேருக்கு வரும். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் கெடுவது, பிரேக் சத்தம் கேட்டால் உடம்பு உதறுவது, ரோட்டுக்கே போகாமல் ஒளிவது என்று நீடித்தால் மனநல டாக்டரைப் பார்ப்பது நல்லது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம், புதுச்சேரி பக்கம் இருந்தால் ஜிப்மரும் இருக்கிறது. போனில் பேச 14416 என்ற டெலி மனஸ் எண் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். கால் உடைந்ததற்கு ஆஸ்பத்திரி போனோம், இதற்கும் போகலாம்.

மைதானத்துல நல்லா ஓட்டிட்டேன். எந்த ரோட்டுல ஆரம்பிக்கறது?

நெரிசல் இல்லாத நேரத்தில், திருப்பம் குறைவான ரோட்டில். சில்வர் பீச் ரோடு விடிகாலையில் நல்லது, ஆனால் கடற்கரை நெருங்க நெருங்க மணல் ஏறியிருக்கும், அங்கே பிரேக் அடிக்காதீர்கள். லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடு கூட்டமெல்லாம் இரண்டு மூன்று வாரம் போகட்டும். நெல்லிக்குப்பம் பாதையைக் கரும்பு வெட்டு காலத்தில் இரவில் தவிர்த்துவிடுங்கள். டிராக்டர் டிரெய்லருக்குப் பின்விளக்கு இருந்தால் அது நம் அதிர்ஷ்டம்.

புதுச்சேரி ரோடு கடைசியில். அது நான்கு சக்கரமும் பேருந்தும் ஒன்றையொன்று முந்தும் ரோடு. நான் மறுபடி ஓட்ட ஆரம்பித்து மூன்றாவது மாதத்தில்தான் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினேன். 60-இல் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். "ஐயோ" என்று நினைக்கும் அந்த ஒரு நொடிக்குத்தான் இந்தக் கணக்கு, பிரேக் பிடித்து நிற்பது அதற்குப் பிறகு. 40-இல் அதே நொடிக்கு 11 மீட்டர். அதனால் திரும்பி வரும் காலத்தில் 40 போதும். பின்னால் ஹாரன் அடிப்பவன் அடிக்கட்டும்.

முன் பிரேக் பிடிச்சதாலதான் விழுந்தேன். இனிமே பின் பிரேக் மட்டும் போதும்ல?

நிறையப் பேர் இந்த முடிவோடுதான் வருகிறார்கள். பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. பின் பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும், அல்லது பின்சக்கரம் பூட்டி வழுக்கும்.

பெரும்பாலும் நம்மை விழவைப்பது முன் பிரேக்கை வெடுக்கென்று அடிப்பது, அல்லது ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது, மணல் மேல், ஈரத்தில் அடிப்பது. வண்டி நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கும் சேர்த்து, முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெதுவாக ஆரம்பித்து அழுத்தமாக முடிக்க வேண்டும். மைதானத்தில் 20-இல் ஆரம்பித்து நாற்பது ஐம்பது தடவை செய்யுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கும். முன் சக்கரம் பூட்டாமல் அது பார்த்துக்கொள்ளும், பிரேக் லீவர் துடிக்கும், பயந்து கையை எடுத்துவிடாதீர்கள். மணலில் அதுவும் ஓரளவுக்குத்தான்.

விழுந்த இடத்தைத் தாண்டவே முடியல. சுத்திப் போறேன்.

நானும் சுற்றினேன், பாகூர் பக்கமாக. பிறகு ஒருநாள் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். அடுத்த தடவை நண்பன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய், இறங்கி, எதிரே இருந்த டீக்கடையில் நின்று கால் மணி நேரம் பார்த்தேன்.

அங்கேதான் தெரிந்தது. கிளை மண்பாதை ஒன்று அந்த இடத்தில் தார் ரோட்டில் சேர்கிறது. டிராக்டர் டயரோடு வந்த மண் ரோட்டின் ஓரமாக ஒரு கை அகலத்துக்குப் படிந்திருந்தது. நாய் வந்தது உண்மைதான். நாயைப் பார்த்து ஓரம் ஒதுங்கி நான் பிரேக் அடித்தது அந்த மண் மேல். இத்தனை நாளும் நாயைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் கையில் கிடைத்தவுடன் அந்த இடம் சாதாரண இடமாகிவிட்டது. இப்போது எந்த மண்பாதை முனை வந்தாலும் கை தானாக ஆக்சிலரேட்டரை விடுகிறது.

தப்பு என் மேலதான் அண்ணே. இன்னொருத்தருக்கும் அடி. எப்படி மறுபடி தொடறது?

இதைக் கேட்டவன் கல்லூரிப் பையன். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தான். அடிபட்டவரைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். போக வேண்டாம் என்று வக்கீல் சொன்னாராம். வழக்கு இருக்கும்போது வக்கீல் சொல்வதைக் கேட்பதுதான் முறை. அது முடிந்த பிறகு போய்ப் பார் என்றேன், வேறு என்ன சொல்ல.

வண்டி விஷயத்தில், அந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்தேன் என்று எழுதினான். அப்படியானால் மாற்ற வேண்டியது அந்த ஒரு பழக்கம். போன் சீட்டுக்கு அடியில் போகும்வரை சாவி திரும்பக் கூடாது. ராத்திரியில் தூக்கமில்லை என்றும் சொன்னான். அதற்குப் பதில் மேலே, கெட்ட கனவுக் கேள்வியில் இருக்கிறது.

ஓட்டும்போது பயம் இல்ல, யாராவது ஓட்டி பின்னால உக்காந்தாதான் உயிர் போகுது. இது என்ன வியாதி?

வியாதி இல்லை. ஓட்டும்போது பிரேக் நம் கையில், பின்னால் உட்கார்ந்தால் இல்லை. மெதுவாக ஓட்டு என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். கேட்டும் கேட்காதவன் வண்டியில் ஏற வேண்டாம். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் உண்டு என்பதை இங்கே பாதிப்பேர் மறந்துவிட்டார்கள்.

கியர் வண்டியை விட்டுட்டு ஸ்கூட்டருக்கு மாறினா பயம் போயிடுமா?

இடது கையோ இடது காலோ முழுதாகச் சரியாகவில்லை என்றால் ஸ்கூட்டர் உண்மையிலேயே உதவும், கிளட்ச் இல்லை, கியர் மிதி இல்லை. ஆனால் ஸ்கூட்டரின் சக்கரம் சின்னது, குழியில் கூடுதலாகத் தூக்கிப்போடும். பயம் போவதற்காக மட்டும் என்றால் முதலில் யாருடைய ஸ்கூட்டராவது வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

எனக்கு ஓட்ட ஆசைதான். வீட்டுக்காரர், "இனிமே நானே கொண்டுபோய் விடறேன்"ங்கறார். என்ன சொல்றது?

செம்மண்டலம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிற அக்கா கேட்டது. அவர் கணவர் முதல் மாதம் தினமும் விட்டார், இரண்டாவது மாதம் "இன்னிக்கு ஆட்டோல போயிடேன்" என்றார். நான் என்ன பதில் சொன்னாலும் அவர்கள் வீட்டில் சண்டை வரும் என்று தயங்கினேன். கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: அவரையே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாயால் சொல்வதைவிட, ஐம்பது தடவை நீங்கள் ஒழுங்காக பிரேக் அடித்து நிறுத்துவதை அவர் நின்று பார்க்கட்டும்.

அப்புறம், சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் மாட்டாமல் செருகிக்கொள்வது. நான் ஜெராக்ஸ் எடுத்த எஃப்.ஐ.ஆர்.களில் அது இரண்டு மூன்று உண்டு.

பிள்ளையை எப்போ ஏத்தலாம்?

தனியாக இரண்டு மாதம், பிறகு பெரியவர் ஒருவரைப் பின்னால் வைத்து ஒரு மாதம், அதன்பிறகு பிள்ளை. இது என் கணக்கு. பின்னால் எடை ஏறினால் பிரேக் பிடிக்கும் தூரமும் திருப்பமும் மாறும், அது கைக்குப் பழக வேண்டும். நான்கு வயதுக்கு மேல் என்றால் பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை ஹெல்மெட்டோடு, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், 40-க்கு மேல் போகக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது விதி. டேங்க் மேல் பிள்ளையை உட்காரவைப்பதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

முள்ளோடைல ஒரு பீர் மட்டும். அதுக்கென்ன?

முள்ளோடை புதுச்சேரி எல்லையில் இருக்கிறது, எதற்குப் போகிறார்கள் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம், தமிழ்நாட்டு ரெட்டிச்சாவடியிலும் அதே சட்டம், புதுச்சேரி கன்னியக்கோயிலிலும் அதே சட்டம். முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். வலி மாத்திரையோடு பீர் என்றால் மேலே மாத்திரைக் கேள்வியில் சொன்னது இரண்டு மடங்கு. திரும்பிவரும் காலத்தில் இதற்கு இடமே இல்லை.

விபத்து கிருமாம்பாக்கத்துல. நான் கடலூர். வண்டி டி.என். 31. கேஸ் எங்க போடறது?

எஃப்.ஐ.ஆர். பொதுவாக விபத்து நடந்த இடத்துக் காவல்நிலையத்தில், அதாவது புதுச்சேரி பக்கம். நஷ்டஈட்டு மனு அப்படி இல்லை. விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர், எங்கே வேண்டுமானாலும் போடலாம். கடலூரிலேயே போட்டு வாய்தாவுக்கு நடந்தே வரலாம். 2022 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதன் மேல் நீதிமன்றத்தில் வாதம் நடக்கிறது என்பதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

கேஸ் நடக்கும்போது வண்டி ஓட்டினா நஷ்டஈடு குறைஞ்சிடும்னு சொல்றாங்க. அதனால ஓட்டாம இருக்கேன். சரியா?

டீக்கடையில் கிடைக்கும் சட்ட ஆலோசனை இது. எத்தனை சதவீதம் ஊனம் என்பதை மருத்துவச் சான்றை வைத்தும், அந்தக் காயம் உங்கள் பிழைப்பை எவ்வளவு பாதித்தது என்பதை வைத்தும் முடிவு செய்கிறார்கள். கொத்தனாருக்குக் கை மடங்காததும் ஆசிரியருக்குக் கை மடங்காததும் ஒன்றில்லை. உடம்பு தேறி வண்டி ஓட்டுவது குற்றம் இல்லை. ஓட்டிக்கொண்டே "கையைத் தூக்கவே முடியல" என்று சாட்சி சொல்வதுதான் மாட்டிவைக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் கையில் உங்கள் போட்டோ இருக்காது என்று யார் சொன்னது? உங்கள் வக்கீலிடம் ஓட்ட ஆரம்பித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

ரெண்டு வருஷம் ஆச்சு, நல்லா ஓட்டறேன். இப்போ பிளேட் எடுக்கப் போறாங்க. மறுபடி முதல்ல இருந்தா?

பாதியிலிருந்து. பிளேட் எடுத்தால் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் எலும்பில் இருக்கும், அவை நிரம்ப வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகலாம். அந்தச் சமயத்தில் எலும்பு வழக்கத்தைவிடப் பலவீனமாக இருக்கும். வண்டிக்கு எத்தனை வாரம் என்று எடுத்த டாக்டரையே கேளுங்கள். அப்புறம் இரண்டாவது பதிலில் இருக்கும் ஐம்பது கிளட்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பயம் இந்தத் தடவை சீக்கிரம் போய்விடும்.

எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். எனக்கு ஓட்டவே பிடிக்கல. நான் கோழையா?

இல்லை. முதுநகரிலிருந்து என் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர், முப்பது வருடம் புல்லட் ஓட்டியவர், விழுந்து எழுந்து எல்லாம் சரியான பிறகு ஒருநாள் வண்டியைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது டவுன் பஸ்ஸில் வருகிறார், ஜன்னல் ஓரம். கடைக்கு வெளியே என் வண்டி நின்றால் மட்டும் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "காத்து கம்மியா இருக்குப்பா" என்பார். பங்கில் வைத்துப் பார்த்தால் கம்மியாகத்தான் இருக்கும்.